வீங்கும் மண், சுருங்கும் மண்: விரியும் களிமண்ணை எப்படி அடக்குகிறார்கள்?

"மண்ணைப் பலப்படுத்தியாச்சு" என்ற பேச்சைக் கட்டட வேலை நடக்கும் இடங்களில் அடிக்கடி கேட்கலாம். என்ன செய்தீர்கள் என்று விசாரித்தால் ஆளுக்கு ஒரு பதில் வரும். ஒருவர் சுண்ணாம்பு கலந்திருப்பார். இன்னொருவர் பிளாஸ்டிக் வலை விரித்திருப்பார். மூன்றாமவர் வீட்டைச் சுற்றி சிமென்ட் நடைபாதை போட்டிருப்பார். மூன்றுமே ஒரே நோய்க்கான மூன்று மாத்திரைகள், எது மலிவோ அதை வாங்கிக்கொள்ளலாம் என்கிற மாதிரிதான் பேச்சு போகும்.

அங்கேதான் குழப்பம் ஆரம்பிக்கிறது. சுண்ணாம்பு மண்ணின் குணத்தையே மாற்றுகிறது. நடைபாதை மண்ணுக்குள் இருக்கும் ஈரத்தைச் சீராக வைக்கிறது. வலை இந்த இரண்டையுமே செய்வதில்லை. மண் அசையும்போது பிளந்து போகாமல் பிடித்துக்கொள்கிறது. ஒன்றின் வேலையை இன்னொன்றிடம் எதிர்பார்த்தால் பணமும் போகும், விரிசலும் வரும்.

இந்தக் கட்டுரை பேசப்போவது விரியும் களிமண்ணைப் பற்றி. தண்ணீரை உள்ளே இழுத்தால் பருத்து, தண்ணீரை இழந்தால் சுருங்கும் களிமண்ணுக்கு அந்தப் பெயர். கரிசல் மண் இந்த வகைக்கு நமக்கு நன்றாகத் தெரிந்த உதாரணம். ஆனால் நிறத்தை வைத்து முடிவுக்கு வந்துவிடக் கூடாது. லண்டன் நகரத்துக்கு அடியில் இருக்கும் களிமண் நீலச் சாம்பல் நிறம், மேற்புறத்தில் பழுப்பு. 1976-இல் பிரிட்டனில் கடும் வறட்சி வந்தபோது அந்த மண் சுருங்கி, எத்தனையோ வீடுகளின் சுவர்களில் விரிசல் விட்டது.

தண்ணீரில் விழுந்த புத்தகம்

ஒரு கண்ணாடி ஜாடியில் கோலிகளை நிரப்பித் தண்ணீர் ஊற்றுங்கள். கோலிகளுக்கு நடுவே ஏற்கெனவே இருக்கும் காலி இடத்தில் தண்ணீர் நிறையும். கோலிகள் மேலே எழும்பாது. மணல் அப்படித்தான். நனைந்தாலும் காய்ந்தாலும் அதன் பருமன் கிட்டத்தட்ட அப்படியே இருக்கும்.

இப்போது தடித்த புத்தகம் ஒன்று வாளித் தண்ணீரில் விழுந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். எடுத்துப் பார்த்தால் முதுகு பிதுங்கி, அட்டை மூட முடியாமல் கிடக்கும். பக்கங்களின் எண்ணிக்கை கூடவில்லை. ஒவ்வொரு தாளும் கொஞ்சம் ஊறி, தாளுக்கும் தாளுக்கும் நடுவே கொஞ்சம் தண்ணீர் புகுந்திருக்கிறது, அவ்வளவுதான். ஆனால் ஆயிரம் பக்கத்துக்கு ஆயிரம் துளி இடைவெளி என்று சேரும்போது புத்தகமே வேறு புத்தகம் மாதிரி ஆகிவிடுகிறது. விரியும் களிமண் இந்தப் புத்தக ரகம்.

உவமையை விட்டு உண்மைக்கு வருவோம். களிமண் துகள் என்பது 0.002 மில்லிமீட்டருக்கும் சிறியது. கோலி மாதிரி உருண்டையாக இருக்காது, தட்டையான ஏடாக இருக்கும். களிமண்ணில் பல கனிமங்கள் உண்டு. வீக்கத்துக்கு முக்கியக் காரணமான கனிமத்தின் பெயர் மான்ட்மோரிலோனைட். பிரான்சில் உள்ள மான்ட்மோரியோன் என்ற ஊரின் பெயரால் வந்தது. இதன் ஒவ்வோர் ஏடும் சுமார் ஒரு நானோமீட்டர் தடிமன்தான். அதாவது ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சமாகப் பிரித்தால் அதில் ஒரு பங்கு. ஒரு கிராம் மான்ட்மோரிலோனைட்டின் ஏடுகளையெல்லாம் பிரித்துப் பரப்ப முடிந்தால் 700, 800 சதுர மீட்டர் பரப்பு வரும். பீங்கான் செய்யப் பயன்படும் கயோலினைட் என்ற களிமண் கனிமத்துக்கு இதே கணக்கு 10 முதல் 20 சதுர மீட்டர்தான். எல்லாக் களிமண்ணும் வீங்காது என்பதற்கு இந்த ஒரு வித்தியாசமே போதும்.

பரப்பு இருந்தால் மட்டும் தண்ணீர் ஏன் உள்ளே போக வேண்டும்? ஏடுகளுக்குள் அலுமினியம் இருக்க வேண்டிய சில இடங்களில் மெக்னீசியம் உட்கார்ந்திருக்கிறது. அலுமினியத்தைவிட அதற்கு நேர்மின்னூட்டம் ஒன்று குறைவு. அதனால் ஏடு முழுக்க லேசான எதிர்மின்னூட்டம் மிஞ்சி நிற்கிறது. அதைச் சரிக்கட்ட, சோடியம், கால்சியம் போன்ற நேர்மின்னூட்டம் கொண்ட அணுக்கள் ஏடுகளுக்கு நடுவே வந்து தங்குகின்றன. இவற்றுக்கு அயனிகள் என்று பெயர். இந்த அயனிகளுக்குத் தண்ணீர் என்றால் உயிர். தண்ணீர் மூலக்கூறுகளைத் தங்களைச் சுற்றி இழுத்துப் போர்த்திக்கொள்ளும். போர்த்திக்கொள்ள இடம் வேண்டும் அல்லவா, அதனால் ஏடுகள் விலகுகின்றன.

இங்கே ஒரு விவரத்தை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் சுண்ணாம்பு வரும்போது தேவைப்படும். சோடியத்துக்கு ஒரு மின்னூட்டம், கால்சியத்துக்கு இரண்டு. கால்சியம் இரண்டு பக்கத்து ஏடுகளையும் இறுக்கிப் பிடிக்கும். சோடியத்தின் பிடி தளர்வு. அதனால் சோடியம் நிறைந்த மண் பயங்கரமாக வீங்கும். கால்சியம் நிறைந்த மண் அந்த அளவுக்கு வீங்காது.

கான்கிரீட் தளம் ஏன் தோற்கிறது?

நனைந்த மண் கொஞ்சம் எழும்பினால் என்ன, மேலே கட்டடத்தின் எடை அழுத்தாதா என்று கேட்கலாம். கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

வீங்கும் மண்ணை அசையவிடாமல் பிடித்து வைக்க எவ்வளவு அழுத்தம் தேவையோ, அதற்கு வீக்க அழுத்தம் என்று பெயர். மிதமாக வீங்கும் மண்ணிலேயே இது சதுர மீட்டருக்குப் 10 டன் வரை போகும். மோசமான மண்ணில் இதைப்போலப் பல மடங்கு. 15 சென்டிமீட்டர் தடிமனுள்ள கான்கிரீட் தளத்தின் எடை சதுர மீட்டருக்கு 360 கிலோதான். பத்து டன்னுக்கு எதிராக 360 கிலோ! தளம் தூக்கப்படுவதில் ஆச்சரியமே இல்லை. இந்த மண்ணில் பல மாடிக் கட்டடங்களைவிட ஒற்றை மாடி வீடு, காம்பவுண்டு சுவர், சாலை, கால்வாய்ச் சரிவு போன்ற எடை குறைந்தவைதான் அதிகம் அடிபடுகின்றன.

ஆனால் இந்த அழுத்தத்துக்கு ஒரு பலவீனம் உண்டு. மண்ணைக் கொஞ்சமே கொஞ்சம் விரியவிட்டாலும் அழுத்தம் சட்டென்று குறைந்துவிடும். அடைத்து வைத்தால்தான் அது அசுர பலம் காட்டும். பின்னால் பார்க்கப்போகும் அஸ்திவார முறை ஒன்று இந்தப் பலவீனத்தை வைத்தே வேலை செய்கிறது.

ஈரம் இருப்பதா, ஈரம் மாறுவதா?

இந்த விஷயத்தில் மிகப் பெரிய தவறான நம்பிக்கை, "தண்ணீர்தான் எதிரி, மண்ணை நன்றாகக் காயவிட்டுக் கட்டினால் போதும்" என்பது. நன்றாகக் காய்ந்த மண்தான் மிக அதிகமாக வீங்கக் காத்திருக்கும் மண். அதன் ஏடுகள் எல்லாம் தாகத்தோடு இருக்கின்றன. எப்போதும் ஒரே அளவு ஈரத்தில் இருக்கும் மண், அது சேறாகவே இருந்தாலும், வீங்குவதும் இல்லை, சுருங்குவதும் இல்லை. தொல்லை தருவது ஈரம் ஏறி இறங்குவதுதான்.

அந்த ஏற்ற இறக்கம் எவ்வளவு ஆழத்துக்குப் போகிறது? மேற்பரப்பில் பருவத்துக்குப் பருவம் ஈரம் மாறும். கீழே போகப் போக மாற்றம் குறைந்து, ஓர் ஆழத்துக்குக் கீழே வருடம் முழுக்க ஒரே நிலை. மாற்றம் நடக்கும் அந்த மேல் பகுதியை இயங்கு மண்டலம் என்கிறார்கள். தட்பவெப்பத்தைப் பொறுத்து ஒரு மீட்டரிலிருந்து மூன்று, நான்கு மீட்டர் வரை இருக்கலாம். நீண்ட வறட்சியும் கனமழையும் மாறி மாறி வரும் இடங்களில் இன்னும் ஆழமாகவும் போகும்.

வீடு கட்டிய பிறகு நடப்பதுதான் விசித்திரம். திறந்த நிலத்தில் மண்ணின் ஈரம் வெயிலில் ஆவியாகிக்கொண்டே இருந்தது. அதன் மேல் ஒரு தளத்தைப் போட்டு மூடிவிட்டீர்கள். ஆவியாகும் வழி அடைபட்டதும், கீழேயிருந்து ஏறும் ஈரம் தளத்தின் நடுப்பகுதிக்கு அடியில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்கிறது. ஓரங்கள் மட்டும் வெளியுலகத்தோடு சேர்ந்து நனைந்து காய்ந்துகொண்டிருக்கும். சில ஆண்டுகளில் நடு உயர்ந்து, கோடையில் ஓரம் இறங்கி, வீடு ஒரு மேட்டின் மேல் கவிழ்த்து வைத்த தட்டு மாதிரி ஆகிவிடும். மழைக்காலத்தில் இதுவே தலைகீழாகி ஓரம் எழும்பவும் செய்யும். வீடு முழுவதும் ஒரே சீராக ஐந்து சென்டிமீட்டர் எழும்பினால் யாருக்கும் தெரியாது. ஒரு மூலை மட்டும் இரண்டு சென்டிமீட்டர் எழும்பினால் போதும், செங்கல் சுவரில் படிக்கட்டு மாதிரி ஏறும் விரிசல் விழும், கதவு சட்டத்தில் மாட்டிக்கொள்ளும். மழைக்கு மரம் ஊறிவிட்டது என்று கதவைச் சீவிக்கொண்டிருப்போம். சட்டமே கோணலாகியிருப்பது கண்ணில் படாது.

பருவம் மட்டும் காரணம் இல்லை. மண்ணுக்கடியில் கசியும் குழாய், சுவரோரமாகவே கொட்டும் மாடித் தண்ணீர், ஒரு மூலையில் மட்டும் தினமும் பாய்ச்சப்படும் தோட்டம், எல்லாம் ஒரு பக்கத்தை மட்டும் ஊறவைக்கின்றன. பெரிய மரங்கள் எதிர்த்திசையில் வேலை செய்கின்றன. வேர்கள் மண்ணின் ஈரத்தை உறிஞ்சி அந்தப் பக்கத்தைச் சுருங்கவைக்கும். சரி, மரத்தை வெட்டிவிடலாம் என்று அவசரப்பட்டால் இன்னொரு வம்பு: பல வருடம் உறிஞ்சப்பட்ட மண் மறுபடி ஈரம் பிடித்து, ஆண்டுக்கணக்கில் மெதுவாக எழும்பிக்கொண்டே இருக்கும்.

இதுவரை பார்த்ததைச் சுருக்கிச் சொன்னால்: ஏடுகளுக்கு நடுவே தண்ணீர் புகுவதால் மண் வீங்குகிறது, வெளியேறுவதால் சுருங்குகிறது. அந்த விசை சாதாரண வீட்டின் எடையைவிடப் பெரியதாக இருக்கலாம். சேதம் வருவது, இடத்துக்கு இடம் ஈரம் வேறுபடுவதால்.

மண்ணெண்ணெய் சொல்லும் சாட்சி

வைத்தியத்துக்கு முன் நோயை உறுதி செய்ய வேண்டும். நிலத்தைப் பார்த்தே ஓரளவு ஊகிக்கலாம். கோடையில் கைவிரல் நுழையும் அளவுக்குப் பலகோண வடிவ வெடிப்புகள், மழையில் செருப்போடு கிலோக் கணக்கில் ஒட்டிக்கொள்ளும் சேறு, காய்ந்த கட்டியைக் கையால் உடைக்க முடியாத கடினம், இவை மூன்றும் சேர்ந்து இருந்தால் சந்தேகப்படலாம்.

ஆய்வகத்தில் செய்யும் சோதனைகளில் எனக்கு மிகவும் பிடித்தது தடையற்ற வீக்கச் சோதனை. இவ்வளவு எளிமையான ஒன்று இவ்வளவு சொல்கிறதே என்று இருக்கும். காய்ந்த மண்ணைப் பொடித்து, சல்லடையில் சலித்து, 10 கிராம் வீதம் இரண்டு பங்கு எடுக்கிறார்கள். 100 மில்லி அளவுக் குழாய் இரண்டு. ஒன்றில் தண்ணீர், மற்றதில் மண்ணெண்ணெய். இரண்டிலும் மண்ணைப் போட்டு, காற்றுக் குமிழி போகும்படி கலக்கி, 24 மணி நேரம் அப்படியே விட்டுவிட வேண்டும். மண்ணெண்ணெயில் மண் பேசாமல் அடியில் படிந்திருக்கும். ஏடுகளுக்கு நடுவே நுழைய மண்ணெண்ணெய்க்குத் தெரியாது. தண்ணீரில் போட்ட மண் பஞ்சு மாதிரி பருத்து மேலே ஏறியிருக்கும். மண்ணெண்ணெயில் 10 மில்லி, தண்ணீரில் 18 மில்லி என்று இருந்தால், கூடுதல் 8 மில்லி. அதாவது வீக்கம் 80 சதவீதம். 50 சதவீதத்தைத் தாண்டினாலே அந்த மண்ணைச் சாதாரண மண்ணாக நினைத்துக் கட்டக் கூடாது. இதை மட்டும் வைத்து அஸ்திவாரத்தை வடிவமைக்கவும் முடியாது. அதற்கு வீக்க அழுத்தம், இயங்கு மண்டல ஆழம் எல்லாம் தெரிய வேண்டும். பொறியாளரைக் கூப்பிட வேண்டுமா என்பதை முடிவு செய்ய இது போதும்.

ஈரத்தைச் சீராக வைப்பது

மூன்று வேலைகளில் முதலாவது இது. மண்ணை எதுவும் செய்வதில்லை. அதற்குள் தண்ணீர் திடீரென்று புகாமலும் திடீரென்று போகாமலும் பார்த்துக்கொள்கிறோம். மூன்றிலும் மலிவானது இதுதான். அதனாலோ என்னவோ, ஆட்கள் அதிகம் அலட்சியம் செய்வதும் இதைத்தான்.

கட்டடத்தைச் சுற்றி வெளிப்பக்கமாகச் சரியும் அகலமான நடைபாதை, கூரைத் தண்ணீரைச் சுவரிலிருந்து தள்ளிக் கொண்டுபோய் விடும் குழாய், கசியாத மூட்டுகள், மரத்துக்கும் சுவருக்கும் நடுவே அந்த மரம் வளரக்கூடிய உயரத்துக்குச் சமமான தூரம். இவற்றில் பெரிய தொழில்நுட்பம் எதுவும் இல்லை. நடைபாதையின் உண்மையான வேலை, ஈரம் ஏறி இறங்கும் ஓரப் பகுதியைச் சுவருக்கு அடியிலிருந்து வெளியே தள்ளிவிடுவது. அரை மீட்டர் அகலத்தில் அலங்காரத்துக்குப் போடும் நடைபாதையால் அது முடியாது.

இதையே செங்குத்தாகவும் செய்யலாம். கட்டடத்தின் அல்லது சாலையின் ஓரமாக ஒரு மீட்டர், இரண்டு மீட்டர் ஆழத்துக்கு ஒடுங்கிய பள்ளம் எடுத்து, தண்ணீர் ஊடுருவாத தடித்த பிளாஸ்டிக் சவ்வை நிறுத்தி மூடுகிறார்கள். உள்ளே இருக்கும் ஈரம் உள்ளேயே, வெளியே இருப்பது வெளியேயே. இந்தச் சவ்வுக்கு ஜியோமெம்பரேன் என்று பெயர். பின்னால் வரப்போகும் ஜியோகிரிட்டோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அது ஓட்டை உள்ள வலை, தண்ணீரைத் தடுக்காது.

கட்டுவதற்கு முன்பே நிலத்தில் தண்ணீரைத் தேக்கி, வீங்க வேண்டியதை முன்கூட்டியே வீங்கவிடும் முறையும் உண்டு. கேட்க நன்றாக இருக்கும். ஆனால் களிமண்ணுக்குள் தண்ணீர் நகரும் வேகம் ஆமை வேகம். ஆழம் வரை ஊற மாதக்கணக்கில் ஆகும். அவசரக்காரர்களுக்கு ஒத்துவராது.

மண்ணின் குணத்தை மாற்றுவது: சுண்ணாம்பு

நிலைப்படுத்தல் என்ற சொல்லைச் சரியாகப் பயன்படுத்த வேண்டுமென்றால் இந்த இரண்டாவது வேலைக்குத்தான் பயன்படுத்த வேண்டும். மண்ணோடு ஒரு பொருளைக் கலந்து, வேதி மாற்றத்தால் அது இனி முன்போல் வீங்காதபடி செய்வது. இதில் நீண்டகாலமாக முதலிடம் சுண்ணாம்புக்கு.

எந்தச் சுண்ணாம்பு என்பது முக்கியம். சுண்ணாம்புக் கல்லைச் சூளையில் சுட்டால் கிடைப்பது சுட்ட சுண்ணாம்பு. அதில் தண்ணீர் தெளித்தால் கொதித்துப் பொடியாகி நீற்றிய சுண்ணாம்பாகும். இந்த இரண்டும் வேலை செய்யும். சுடாத சுண்ணாம்புக் கல்லை அரைத்த பொடி, வயலில் புளிப்பு மண்ணைச் சரிசெய்யப் போடுவார்களே, அது இங்கே உதவாது. பெயர் ஒன்றாக இருப்பதால் அதை வாங்கிப் போட்டு ஏமாந்தவர்கள் உண்டு.

சுண்ணாம்பு மண்ணில் இரண்டு கட்டமாக வேலை செய்கிறது. முதல் கட்டம் சில மணி நேரத்திலேயே தெரியும். சுண்ணாம்பிலிருந்து வரும் கால்சியம், ஏடுகளுக்கு நடுவே இருக்கும் சோடியத்தைத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் உட்காருகிறது. முன்பு சொன்ன இரட்டை மின்னூட்டப் பிடி இப்போது வருகிறது. ஏடுகள் ஒன்றோடொன்று சேர்ந்து சின்னச் சின்னக் கட்டிகளாகத் திரள்கின்றன. காலையில் மண்வெட்டியை விட்டுப் போக மறுத்த பசை மண், மாலையில் பொலபொலவென்று உதிரும். தொட்டுப் பார்த்தால் களிமண் என்றே சொல்ல மாட்டீர்கள், குருணை மணல் மாதிரி இருக்கும்.

பலரும் இந்த இடத்தோடு வேலை முடிந்தது என்று நினைத்துவிடுகிறார்கள். இரண்டாவது கட்டம் வாரக்கணக்கில், மாதக்கணக்கில் நடக்கிறது. சுண்ணாம்பு மண்ணின் காரத்தன்மையை மிக அதிகமாக்குகிறது. காரத்தன்மையை அளக்கும் பி.எச். அளவு 12.4 வரை போகும். அந்தக் காரத்தில் களிமண்ணின் சிலிக்காவும் அலுமினாவும் கரைய ஆரம்பிக்கின்றன. கரைந்தவை கால்சியத்தோடு சேர்ந்து பசையாகி இறுகுகின்றன. சிமென்ட் இறுகும்போது உண்டாகும் பசையும் இதே குடும்பம்தான். அதாவது, களிமண்ணையே மூலப்பொருளாக எடுத்துக்கொண்டு மண்ணுக்குள்ளேயே ஒருவகை சிமென்ட் தயாராகிறது. குளிரில் இந்த வினை மிகவும் மந்தமாகிவிடும். வெப்பமான காலம் இதற்கு நல்லது.

எவ்வளவு கலப்பது? பொதுவாகக் காய்ந்த மண்ணின் எடையில் 3 முதல் 8 சதவீதம். குத்துமதிப்பாக முடிவு செய்யத் தேவையில்லை. பி.எச். 12.4-ஐ எட்டவைக்கும் குறைந்தபட்ச அளவு எதுவோ அதிலிருந்து தொடங்கலாம் என்று ஈட்ஸ், கிரிம் என்ற இருவர் 1966-இல் ஒரு சோதனை முறையைச் சொன்னார்கள். இன்றும் அது புழக்கத்தில் இருக்கிறது. கலந்த பிறகு ஓரிரு நாள் ஈரத்தோடு ஆறவிட்டு, மறுபடி கிளறி, அதன் பிறகுதான் ரோலர் ஓட்டுவார்கள். சுட்ட சுண்ணாம்பு கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. கண்ணாடி, கையுறை இல்லாமல் யாரையும் கிட்டே விடக் கூடாது.

சுண்ணாம்பு காலை வாரும் இடமும் உண்டு. மண்ணில் ஜிப்சம் போன்ற சல்பேட் உப்புகள் அதிகம் இருந்தால், சுண்ணாம்பு, களிமண்ணின் அலுமினா, சல்பேட், தண்ணீர் நான்கும் சேர்ந்து எட்ரிங்கைட் என்ற படிகம் வளரும். அது வளரும்போது தரையைத் தூக்கும். வீக்கத்தைத் தடுக்கப் போட்ட மருந்தே வீக்கத்தைக் கொண்டுவரும். அமெரிக்காவின் லாஸ் வேகஸில் ஸ்டூவர்ட் அவென்யூ என்ற சாலையில் இப்படி நடந்ததை 1980களில் ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். சுண்ணாம்பு கலக்கும் முன் சல்பேட் சோதனையைத் தவிர்க்கக் கூடாது.

இன்னொன்று: சுண்ணாம்பு எங்கே கலக்கப்படுகிறதோ அங்கேதான் வேலை செய்யும். துளை போட்டுச் சுண்ணாம்புத் தண்ணீர் ஊற்றினால் ஆழம் முழுக்கப் பரவிவிடும் என்ற நம்பிக்கை தவறு. தண்ணீரையே லேசில் விடாத மண் அது. சுண்ணாம்பு துளையைச் சுற்றிச் சிறிது தூரத்தோடு நின்றுவிடும். வெடிப்புகள் இருந்தால் அவற்றின் வழியே கொஞ்சம் கூடுதலாகப் போகலாம், அவ்வளவுதான்.

சிமென்ட்டும் மண்ணை நிலைப்படுத்தும். ஆனால் பசைக் களிமண்ணில் அதைச் சீராகக் கலப்பதே போராட்டம். மணல் கலந்த மண்ணுக்குத்தான் அது பொருந்தும். அனல்மின் நிலையங்களின் சாம்பலையும் கலக்கிறார்கள். அதில் பெரும்பாலான வகைகளுக்குத் துணையாகச் சுண்ணாம்பு வேண்டும். "ஒரு லிட்டர் ஊற்றினால் மண் கல்லாகும்" என்று விற்கப்படும் திரவங்களை, உங்கள் இடத்து மண்ணிலேயே சோதித்த முடிவைக் கண்ணால் பார்க்காமல் நம்ப வேண்டாம்.

பிடித்துக்கொள்வது: வலையும் நாரும்

மூன்றாவது வேலை வலுவூட்டல். மண் அழுத்தத்தைத் தாங்கும், இழுத்தால் பிய்ந்துவிடும். கான்கிரீட்டுக்குள் கம்பி போடுவதுபோல, மண்ணுக்குள் இழுவையைத் தாங்கும் பொருளைப் புதைப்பதுதான் இதன் அடிப்படை. 1960களில் பிரெஞ்சுப் பொறியாளர் ஆன்ரி விடால் மண்ணுக்குள் உலோகப் பட்டைகளைப் புதைத்துச் சுவர் எழுப்பும் முறையைக் கொண்டுவந்த பிறகு இந்தத் துறை வேகமாக வளர்ந்தது. இப்போது பெரும்பாலும் பிளாஸ்டிக். ஓட்டை ஓட்டையாக இருக்கும் விறைப்பான வலைக்கு ஜியோகிரிட் என்று பெயர்; துணி மாதிரி இருப்பது ஜியோடெக்ஸ்டைல்.

இவை மண்ணோடு உரசிப் பிடித்துக்கொள்வதால்தான் வேலை செய்கின்றன. சரளைக் கற்கள் ஜியோகிரிட்டின் ஓட்டைகளில் பூட்டுப் போட்டதுபோல் உட்காரும். நனைந்த களிமண்ணுக்கு அந்த உராய்வு இல்லை, வழுக்கும். அதனால் களிமண்ணுக்கு நேர் நடுவே வலையை விரித்தால் பலன் குறைவு. அதன் மேல் போடும் சரளை அடுக்கின் அடியிலோ, சுண்ணாம்பு கலந்த அடுக்கின் மேலோ விரிக்க வேண்டும்.

சாலைகளில் இதன் பலனைத் தெளிவாகப் பார்க்கலாம். கோடையில் சாலையின் ஓரம் காய்ந்து சுருங்க, ஓரத்தை ஒட்டி நீளவாக்கில் விரிசல் ஓடும். அடியில் ஜியோகிரிட் இருந்தால், கீழே மண் பிளந்தாலும் அந்தப் பிளவு ஒரே கோட்டில் மேலே ஏறாமல் பரவலாகப் பிரிந்து போகும். மண் சுருங்குவதை வலை நிறுத்தவில்லை என்பதைக் கவனியுங்கள். ஏடுகளுக்கு நடுவே நுழையும் தண்ணீருக்கு, எங்கோ மேலே கிடக்கும் வலை ஒரு பொருட்டே இல்லை.

இன்னொரு வகை, ஒரு சென்டிமீட்டர், இரண்டு சென்டிமீட்டர் நீளமுள்ள பாலிப்ரொப்பிலீன் நார்களை மண்ணோடு கலப்பது. எடையில் ஒரு சதவீதத்துக்கும் குறைவான நாரே போதும். மண் சுவருக்குக் குழைக்கும் சேற்றில் வைக்கோல் சேர்ப்பதன் நவீன வடிவம் என்று வைத்துக்கொள்ளலாம். சுருங்கும்போது பெரிய வெடிப்பு விழுவதற்குப் பதில் மயிரிழை வெடிப்புகளாகச் சிதறும். சுண்ணாம்பு கலந்த மண் விறைத்துப்போய்ச் சட்டென்று உடையும் குணம் உள்ளது. அதோடு நாரையும் சேர்த்தால் கொஞ்சம் வளைந்து கொடுக்கும். இரண்டும் சேர்ந்து நன்றாக வேலை செய்வது இதனால்தான்.

ஆக, மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தடுப்பும் வடிகாலும் ஈரம் மாறாமல் பார்த்துக்கொள்கின்றன. சுண்ணாம்பு, ஈரம் மாறினாலும் மண் வீங்காமல் பார்த்துக்கொள்கிறது. மண் அசைந்தாலும் மேலே இருப்பது பிளக்காமல் பார்த்துக்கொள்வது வலையும் நாரும். நல்ல வடிவமைப்பில் பெரும்பாலும் இவற்றில் ஒன்றுக்கு மேல் இருக்கும்.

மண்ணைத் தொடாமல் தப்பிப்பது

சில சமயம் மண்ணோடு மல்லுக்கட்டாமல் ஒதுங்கிப் போவதே புத்திசாலித்தனம். நேரடி வழி, மேல் மண்ணைத் தோண்டி எடுத்துவிட்டு வீங்காத மண்ணைப் போடுவது. இங்கே வழக்கமாக நடக்கும் தவறு, மணலைக் கொட்டி நிரப்புவது. மணல் வீங்காது, சரிதான். ஆனால் மழைத்தண்ணீர் மணலுக்குள் சுலபமாக இறங்கி, கீழே இருக்கும் களிமண்ணின் மேல் தொட்டியில் நிற்பதுபோல் தேங்கி நிற்கும். களிமண்ணுக்கு நாமே தண்ணீர்த் தொட்டி கட்டிக் கொடுத்த கதை. அதற்குப் பதிலாக, ஒட்டும் தன்மை உள்ள, ஆனால் வீங்காத மண்ணைச் சுமார் ஒரு மீட்டர் அடுக்காகப் போடும் முறையைப் பம்பாய் ஐ.ஐ.டி.யில் ஆர்.கே. கட்டி என்ற பேராசிரியர் ஆராய்ந்து முன்வைத்தார். கரிசல் மண் வழியே போகும் கால்வாய்களில் இது கைகொடுத்தது.

"நன்றாக ரோலர் ஓட்டி இறுக்கிவிட்டால் வீங்காது" என்பதும் இதே வரிசையில் வரும் தவறு. காய்ந்த களிமண்ணை ஓங்கி இறுக்கினால் அதே இடத்துக்குள் இன்னும் நிறைய ஏடுகளை அடைக்கிறோம், தாகத்தோடு. பிறகு தண்ணீர் கிடைக்கும்போது முன்னைவிட அதிகமாக வீங்கும். வீங்கும் மண்ணைக் கொஞ்சம் கூடுதல் ஈரத்தில், மிதமாக இறுக்குவதே முறை.

மற்றொரு வழி, அஸ்திவாரத்தை இயங்கு மண்டலத்துக்குக் கீழே கொண்டுபோவது. அண்டர்ரீம்டு பைல் என்பது அடியில் குமிழ் மாதிரி அகலமாக்கிய கான்கிரீட் தூண். குமிழின் விட்டம் தண்டைப்போல் சுமார் இரண்டரை மடங்கு. ஈரம் மாறாத ஆழத்தில் குமிழ் நங்கூரம்போல் பிடித்துக்கொள்ள, மேலே மண் எவ்வளவு ஆடினாலும் தூணைப் பிடுங்க முடியாது. இந்தியாவில் இதை வளர்த்தெடுத்தது ரூர்க்கியில் உள்ள மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிலையம். தூண்களை இணைக்கும் உத்தரத்துக்கும் தரைக்கும் நடுவே சில சென்டிமீட்டர் காலி இடம் விடுவார்கள். மண் வீங்கினால் அந்த இடத்துக்குள் வீங்கிக்கொள்ளட்டும், உத்தரத்தை முட்ட வேண்டாம் என்பதற்காக. கொஞ்சம் விரியவிட்டால் அழுத்தம் அடங்கிவிடும் என்று முன்னால் பார்த்தோமே, அதன் பயன் இது. விவரம் தெரியாதவர்கள் இந்தக் காலி இடத்தைப் பார்த்து, வேலை அரைகுறையாக நின்றுவிட்டது என்று நினைத்துச் சரளை போட்டு அடைத்துவிடுவதும் உண்டு. அடைத்தால் பைல் போட்ட செலவில் பாதி வீண்.

ஏற்கெனவே கட்டிய வீட்டில் விரிசல் இருந்தால்

முதலில் பட்டி பார்த்துப் பெயின்ட் அடிப்பதை நிறுத்தி வையுங்கள். விரிசலின் இரண்டு முனைகளிலும் பென்சிலால் ஒரு கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். விரிசலின் குறுக்கே இரு பக்கமும் ஒவ்வொரு புள்ளி வைத்து, நடுவே உள்ள தூரத்தை அளவுகோலால் அளந்து மாதம் ஒரு முறை குறித்து வையுங்கள். ஒரு கோடையும் ஒரு மழைக்காலமும் முழுதாகப் போகட்டும்.

தூரம் பருவத்துக்கேற்பக் கூடிக் குறைந்துகொண்டே இருந்தால் மண்தான் வீங்கிச் சுருங்குகிறது. ஒரே திசையில் கூடிக்கொண்டே போனால் வேறு காரணமும் இருக்கலாம்: கசியும் குழாய், இறங்கும் அஸ்திவாரம், சமீபத்தில் வெட்டிய மரம். அப்போது பொறியாளரைக் கூப்பிடுவதைத் தள்ளிப்போட வேண்டாம். அந்தக் குறிப்பு நோட்டு கையில் இருந்தால் அவருக்குப் பாதி வேலை மிச்சம். கோடையில் அகலமாகத் திறந்திருக்கும் விரிசலைச் சிமென்ட் கலவையால் இறுக்கி அடைத்துவிட்டால், மழைக்காலத்தில் அது மூட இடமில்லாமல் பக்கத்திலேயே புது விரிசல் விழும்.

அளந்துகொண்டிருக்கும் அந்த மாதங்களில் சும்மா இருக்கத் தேவையில்லை. அடுத்த மழை கொட்டும்போது ஒரு குடையை எடுத்துக்கொண்டு வீட்டைச் சுற்றி ஒரு நடை போய் வாருங்கள். மாடித் தண்ணீர்க் குழாய் எங்கே கொட்டுகிறது, தண்ணீர் எந்த மூலையில் தேங்கி நிற்கிறது, விரிசல் விட்ட சுவர் அதற்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்று பாருங்கள்.